முதுமைப் பிணிகளும் மரபணுக்களும்

சென்ற ஆண்டு தில்லியில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவருடைய தாயாருக்கு வயது 78. தந்தையார் காலமான பின்னர், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து அம்மையாரைத் தம்முடன் அழைத்து வந்து வைத்துக்கொண்டிருந்தார். மாலை விளக்கேற்றும் வேளை. மூன்றாம் மாடியிலுள்ள அவ்வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மையார் திடீரென்று எழுந்து, 'கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். யாராவது போய் எடுத்து வாருங்கள்' என்றார். அந்தக் கிணறு இருப்பதோ இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். பழகிப்போன பொறுமையோடு, 'எடுத்து வைத்தாயிற்று, அம்மா' என்றார் மருமகள்.

விடைபெற்றபோது நண்பர் மாடிப்படி வரையில் என்னுடன் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, 'என் பாட்டிக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்ததாம். இது பரம்பரையாக வருகிற நோயா? எனக்கும் வருமா? என் பெண்ணுக்கும் வருமா?' என்று கேட்டார். அன்று அவருக்கு ஒழுங்கான விடை கூற என்னால் இயலவில்லை. படியில் நின்றுகொண்டு கூறத்தக்க விடையும் அன்று அது. இன்றைய பேச்சில் அந்த விடையைக் கூற முயல்கிறேன்.

நேயர்களே, இது அவர் ஒருவருடைய கேள்வி அன்று. 2023-ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் மக்கள், டிமென்ஷியா எனப்படும் நினைவுத் தேய்வு நோய்க்கு ஆளாகியுள்ளனர். இதயத் தளர்ச்சி, நீரிழிவு, நடுக்குவாதம், விழித்திரைச் சிதைவு ஆகியவையும் வயது ஏற ஏற மிகுந்து வருகிற நோய்களே. பெற்றோரிடம் கண்ட நோய் பிள்ளைகளிடமும் தோன்றுமா என்னும் ஐயம் இல்லாத வீடு அரிது. இவ்வையத்தை ஊகத்தாலன்றிப் பரிசோதனையால் ஆராய முற்பட்டுள்ள விஞ்ஞானத் துறையைச் செயல்சார் மரபணுவியல் என்று கூறலாம்.

அது யாது என்பதை அறியுமுன், மரபணு என்பது யாது என்று சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். நம் உடலிலுள்ள உயிரணுக்களின் உட்கருவில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. நான்கே எழுத்துக்களைக் கொண்டு, ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பெற்ற ஏடு அது. அந்த ஏட்டில், ஒரு புரதத்தை ஆக்குவதற்குரிய விதி எழுதப்பெற்ற பகுதியையே மரபணு என்கிறோம்; ஜீன் என்று வழங்குவோரும் உண்டு. இந்த ஏட்டின் முதல் வரைவு ஆயத்தமாயிற்று என்று 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அறிவித்தார்கள். 2003-இல் அப்பணி நிறைவேறியதாகக் கூறப்பெற்றது. அப்போதும் எஞ்சியிருந்த இடைவெளிகள் 2022-இல்தான் நிரம்பின. மனிதனுக்கு ஓர் இலட்சம் மரபணுக்கள் இருக்கலாம் என்று முன்னர்ப் பலர் எண்ணியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தபோது, புரதங்களை ஆக்குவிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000 மட்டுமே இருக்கக் கண்டார்கள்.

ஏட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாயிற்று. ஆயினும் பொருள் விளங்கிவிட்டதா? இல்லை. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் 20,000 ஊழியர்கள் பணியாற்றுவதாக வைத்துக்கொள்வோம். அவர்களுடைய பெயர்ப் பட்டியல் நம் கையில் இருக்கிறது. யார் எந்த அறையில் உட்காருகிறார் என்பதும் தெரியும். ஆனால் யாருக்கு என்ன வேலை என்னும் குறிப்பு மட்டும் பட்டியலில் இல்லை. அதை எவ்வாறு அறிவது? அலுவலகத்தில் பணி புரிந்த எவரும் இதற்கு வழி கூறுவர். ஒருவர் விடுப்பில் போகட்டும். அன்று எந்தக் காரியம் நின்று போகிறது என்று பார்த்தால், அவருடைய வேலை இன்னதென்று தானே தெரிந்துவிடும். மரபணுக்களை ஒவ்வொன்றாக விடுப்பில் அனுப்பி, உயிரணுவில் எந்தக் காரியம் நிற்கிறது, எது சீர்கெடுகிறது, சில வேளைகளில் எது சீரடைகிறது என்று பார்ப்பதே செயல்சார் மரபணுவியலின் தலையாய முறை.

முதுமை நோய்களுக்கு இம்முறை ஏன் இன்றியமையாதது என்று கேட்கலாம். குழந்தைப் பருவத்திலேயே தோன்றும் சில கொடிய நோய்களுக்கு ஒரே மரபணுவின் பழுது காரணமாக இருப்பதுண்டு. அத்தகைய பழுதை உடையவர் மக்களைப் பெறும் வயதை எட்டுவதே அரிதாகையால், அது தலைமுறைதோறும் குறைந்துகொண்டே வரும். எழுபதாம் வயதில் தீங்கு செய்யும் மாறுதலோ, அவ்வாறு குறைவதில்லை. அது தன் தீமையைக் காட்டுமுன்னரே பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே முதுமை நோய்களின் பின்னே பெரும்பாலும் ஒரு மரபணு இல்லை; பல மரபணுக்களின் சிறுசிறு மாறுதல்கள், அவற்றோடு உணவு, உழைப்பு, புகை, கவலை, கடந்துபோன ஆண்டுகள் ஆகிய எல்லாம் சேர்ந்து நிற்கின்றன. இக்கூட்டத்தில் யார் காரணர், யார் வெறுமனே அருகில் நின்றவர் என்று பிரித்தறிவது எளிதன்று.

இதற்கு முதலில் கையாண்ட முறை ஒப்பிடுதலாகும். நோயுற்றவர் பல்லாயிரவரையும் நோயற்றவர் பல்லாயிரவரையும் எடுத்துக்கொண்டு, இரு சாராருடைய டி.என்.ஏ.யையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். நோயுற்றவரிடம் மிகுதியாகக் காணும் எழுத்து மாறுதல்களைக் குறித்துக்கொண்டார்கள். இம்முறையால் மிகுந்த பயன் விளைந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு குறை உண்டு. திருட்டு நடந்த வீட்டு வாசலில் ஒரு காலடித் தடம் தெரிகிறது. அதனால் அந்த வீட்டுக்காரரே திருடர் என்று முடிவு செய்யலாமா? 2007-இல் உடற்பருமனோடு தொடர்புடைய ஒரு மாறுதல், எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவின் எல்லைக்குள் இருப்பதாகக் கண்டார்கள். ஆண்டுகள் பல அந்த மரபணுவையே குற்றவாளி என்று கருதி ஆராய்ந்தார்கள். 2014, 2015-ஆம் ஆண்டுகளில் உயிரணுக்களில் செய்து பார்த்த பரிசோதனைகள் வேறொன்றைக் காட்டின. அம்மாறுதல், இழையில் வெகுதொலைவில் இருக்கும் ஐ.ஆர்.எக்ஸ். 3, ஐ.ஆர்.எக்ஸ். 5 என்னும் வேறு மரபணுக்களின் வேலையைக் கூட்டுவதாகத் தெரிந்தது. காலடித் தடம் ஒரு வீட்டு வாசலில்; வேலை நடந்ததோ மற்றொரு தெருவில். ஒப்பிடுதல் ஐயத்துக்குரியவர்களின் பட்டியலைத் தரும். தீர்ப்பைத் தருவது பரிசோதனையே.

இப்பரிசோதனை மனிதரிடத்தில் தொடங்கவில்லை. மண்ணில் வாழும் ஓர் உருளைப்புழுவிடத்தில் தொடங்கிற்று. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டர். ஆயுள் இரண்டு, மூன்று வாரங்கள். கண்ணாடி போன்ற உடலாகையால், உள்ளே நடப்பதை உருப்பெருக்கியின் வழியே உயிரோடு இருக்கும்போதே காணலாம். வயதாகும்போது இப்புழுவும் நம்மைப்போலவே தளர்கிறது, நடை குன்றுகிறது, தசை நலிகிறது. இதற்கும் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள். அவற்றுள் பல, உருவில் சற்று வேறுபட்டு, நம்மிடமும் இருக்கின்றன.

1993-இல் கலிபோர்னியாவில் சிந்தியா கென்யன் என்னும் அம்மையாரும் அவருடைய மாணாக்கரும் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள். டாஃப்-2 என்னும் ஒரே மரபணுவில் மாறுதல் நேர்ந்த புழுக்கள், மற்றவற்றைப்போல் இருமடங்குக்கு மேல் வாழ்ந்தன. வாழ்ந்த காலமெல்லாம் சுறுசுறுப்பாகவும் இருந்தன. அந்த மரபணு எதற்குரியது என்று 1997-இல் கண்டபோது, நம் உடலில் இன்சுலினின் செய்தியை ஏற்கும் புரதத்துக்கு அது உறவினது என்று தெரிந்தது. முதுமை என்பது பழைய வண்டி தேய்வதுபோன்ற வெறும் தேய்மானம் அன்று, அதன் வேகத்தை ஆளும் விசைகள் உயிரணுவினுள்ளேயே இருக்கின்றன என்னும் எண்ணம் அப்பொழுது வலுப்பெற்றது.

அடுத்து வேண்டியது, மரபணுக்களை ஒவ்வொன்றாக விடுப்பில் அனுப்பும் உபாயம். அதுவும் இப்புழுவிடமிருந்தே கிடைத்தது. மரபணு நேரே வேலை செய்வதில்லை. தன் உத்தரவின் நகலை ஆர்.என்.ஏ. வடிவில் அனுப்புகிறது. அந்த நகலுக்கு ஒத்த இரட்டை இழை ஆர்.என்.ஏ.யை உள்ளே செலுத்தினால், உயிரணு தானே அந்நகலைக் கிழித்தெறிந்துவிடுகிறது என்று 1998-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ என்னும் இருவரும் அவர்களுடைய துணைவரும் கண்டறிந்தார்கள். 2006-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவ்விருவருக்கும் இதற்காகவே வழங்கப்பெற்றது. இவ்வித ஆர்.என்.ஏ.யை ஆக்கும் பாக்டீரியாவைப் புழுவுக்கு உணவாக இட்டாலே போதும் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஒவ்வொன்றும் ஒரு மரபணுவை அடக்கவல்ல 16,757 பாக்டீரியா வகைகளை வளர்த்து, 2003-இல் அவற்றைக் கொண்டு செய்த ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புழுவின் மரபணுக்களுள் நூற்றுக்கு 86 அதில் அடங்கின. ஏறக்குறைய அலுவலகம் முழுவதுக்கும் விடுப்புச் சீட்டு ஆயத்தமாகிவிட்டது என்று கூறலாம்.

இதை முதுமை நோய்க்குப் பயன்படுத்திய விதத்தைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஹண்டிங்டன் நோய் என்றொரு நோய் உண்டு. நடுவயதில் தோன்றி, கை கால்கள் தாமே ஆடத் தொடங்கி, அறிவையும் படிப்படியாக அழிக்கும் நோய் அது. அதற்குரிய மரபணுவை 1993-இல் கண்டார்கள். அதில் மூன்று எழுத்துக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவ்வாறு 40 முறையோ அதற்கு மேலோ வந்தால் நோய் வருவது உறுதி. அதன் பயனாக விளையும் புரதத்தில் குளுட்டமின் என்னும் பொருள் நீண்ட தொடராக அமைந்து, புரதம் ஒழுங்காக மடியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகத் திரள்கிறது. அல்ஸைமர் நோயிலும் நடுக்குவாதத்திலும் வேறு புரதங்கள் இவ்வாறே திரள்கின்றன. பழுது பிறவியிலேயே இருக்கிறது. அங்ஙனமாயின், நோய் ஏன் நாற்பது ஆண்டுகள் காத்திருக்கிறது? விஞ்ஞானிகளை வாட்டிய கேள்வி இது.

ஒளிவிடும் புரதத்தோடு குளுட்டமின் தொடரை இணைத்துப் புழுவின் தசையில் உண்டாக்கினார்கள். புழு இளமையாக இருக்கும்போது ஒளி சீராகப் பரவியிருந்தது. வயது ஏறியதும் ஒளிப்புள்ளிகளாகத் திரண்டது. முதுமை மெல்ல வரும் இயல்புடைய புழுக்களிலோ, திரள்வதும் தாமதித்தது என்று 2002-இல் கண்டார்கள். பின்னர், அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒன்றுகூடி, இப்புழுக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தார்கள். எந்த மரபணு அடங்கினால் கட்டிகள் முன்கூட்டியே தோன்றுகின்றன? 2004-இல் வெளியிட்ட அவர்கள் பட்டியலில் 186 மரபணுக்கள் இருந்தன.

அந்த 186-உம் என்ன வேலை செய்பவை என்று பார்த்ததில்தான் விளக்கம் கிடைத்தது. உத்தரவின் நகலை ஆக்குவன சில. புரதத்தைக் கோப்பன சில. கோத்த புரதத்தை ஒழுங்காக மடிப்பன சில. உரிய இடத்துக்குச் சுமந்து செல்வன சில. பழுதான புரதத்தை ஒழிப்பன சில. சுருங்கக் கூறின், உயிரணுவின் வீட்டு நிர்வாகத்தைச் செய்பவை அவை. பெருக்குவோரும் துலக்குவோரும் உள்ளவரையில் வீட்டில் குப்பை சேர்வதில்லை. ஒருவர் வராவிட்டால் ஒரு மூலையில் சேரும். வயதாகிப் பலரும் தளரும்போது, பிறவியிலிருந்து அடங்கிக் கிடந்த பழுது தலைதூக்குகிறது. நாற்பது ஆண்டுகள் நோய் காத்திருக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே உண்மை. தடுத்துக்கொண்டிருந்தவர் யாவர் என்று தெரிந்தால், அவர்களுக்குத் துணைசெய்யும் மருந்தைத் தேடலாம் அல்லவா? இத்தகைய ஆராய்ச்சியின் நோக்கமே அதுதான்.

புழு மனிதன் ஆகுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி பிறந்திருக்கிறது. 2006-இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா, வளர்ந்த எலியின் தோல் உயிரணுவை, எதுவாகவும் வளரவல்ல கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். மறு ஆண்டே மனித உயிரணுவிலும் அது கைகூடிற்று. இப்போது நோயாளியின் தோலிலிருந்து நரம்பு உயிரணுக்களை ஆய்வுத் தட்டில் வளர்க்கலாம். 2012-இல் ஜெனிஃபர் டௌட்னா, எம்மானுவேல் ஷார்பான்டியே என்னும் அம்மையார் இருவரும் விளக்கிய கிரிஸ்பர் என்னும் கருவி, டி.என்.ஏ. இழையில் குறித்த இடத்தை வெட்ட உதவுகிறது. 2020-இல் அவர்களுக்கு வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. இவ்விரண்டையும் இணைத்து, மனித நரம்பு உயிரணுக்களிலேயே ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்க்கிறார்கள். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. எண்பது வயது முதியவரின் தோலிலிருந்து எடுத்தாலும், கருநிலைக்குத் திரும்பும்போது உயிரணு தன் வயதை மறந்துவிடுகிறது. தட்டில் வளர்வது இளைய நரம்பு. எழுபது ஆண்டுகளில் விளைந்ததை ஏழு வாரங்களில் காண முடியாது. எனவே புழு, ஈ, எலி, தட்டில் வளரும் உயிரணு, மனிதக் குடும்பம் ஆகிய எல்லாவற்றின் சாட்சியமும் ஒத்துப்போனால்தான் விஞ்ஞானி நம்புகிறார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பங்குபெற்ற ஓர் ஆய்வு, இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் பரம்பரையாக வரும் இதயத் தசை நோயை ஆராய்ந்து, மைபிபிசி-3 என்னும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விட்டுப்போயிருப்பதை 2003-இல் அறிவித்தது. இதயத் தசையின் இழைகளை ஒழுங்காகக் கோத்து வைக்கும் புரதங்களுள் ஒன்றுக்குரிய மரபணு அது. இவ்விடுபாடு சில குடும்பங்களுக்கு மட்டும் உரியதா? மதுரையில் பயின்ற தண்டபாணி, ஐதராபாத்தில் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சார்ந்த தங்கராஜ் ஆகியோரும் பிறநாட்டு ஆராய்ச்சியாளரும் சேர்ந்து விரிவாகத் தேடினார்கள். 2009-இல் வெளிவந்த அவர்களுடைய முடிவு பலரையும் திடுக்கிடச் செய்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரிடம் அவ்விடுபாடு இருக்கிறது. இதயத் தசை நோய் உற்றவர்களையும் அந்நோய் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, அவ்விடுபாடு உடையவர்க்கு நோயின் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு எனக் கணக்கிட்டார்கள். கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இதயத் தசை உயிரணுக்களில் அந்தப் பழுதான புரதத்தை உண்டாக்கி, தசையிழைகளின் ஒழுங்கு குலைவதைக் கண்ணாரக் கண்டார்கள். காலடித் தடமும் கிடைத்தது. கையும் களவுமாகப் பிடித்த சான்றும் கிடைத்தது.

கதை இங்கே முடிந்ததா? முடியவில்லை, இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய பாடம் இருக்கிறது. இவ்விடுபாடு உடையவர் பலர் இளமையில் யாதொரு குறையுமின்றி இருக்கிறார்கள். நடுவயதுக்குப் பின்னரே சிலருக்கு நோய் தோன்றுகிறது. முதுமைவரை நலமாக வாழ்ந்தவரும் உண்டு. ஏன் இந்த வேறுபாடு? அமெரிக்காவில் குடியேறிய தென்னாசிய மக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஒரு துப்பைத் தந்தது. இவ்விடுபாடு உடையவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேருக்கு, அதே மரபணுவில் மற்றொரு மாறுதலும் கூடவே இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்தவர்களிடமே இதயத்தின் இயக்கத்தில் மாறுபாட்டின் அறிகுறி தென்பட்டது. ஆகவே ஒரு மாறுதலைக் கண்டவுடன் அதையே தீர்ப்பாகக் கொள்வது தவறு. பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அது செய்யும் காரியம் வேறு என்று தொடக்கத்தில் கூறினேன் அல்லவா? அது நம் இதயத்துக்கே பொருந்துவதை இங்குக் காண்கிறோம்.

இதில் மற்றொரு செய்தியும் அடங்கியுள்ளது. உலகில் இதுவரை நடந்த பெரிய ஒப்பீட்டு ஆராய்ச்சிகளில் இரத்தம் கொடுத்தவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வழியினர். அவர்களிடம் இல்லாத, நம்மிடம் மட்டுமே உள்ள மாறுதலை அந்த ஆராய்ச்சிகள் எவ்வாறு காணும்? மைபிபிசி-3 இடுபாட்டை நம்மவரிடம் தேடியதால்தான் அதன் பரப்புத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தத்தம் சமூகத்துக்குள்ளேயே மணவினை செய்து வந்த மக்கள் நாம். ஆகையால் ஒரு சமூகத்தில் அரிதாக உள்ள மாறுதல் மற்றொன்றில் மலிந்திருக்கும். இதை மனத்திற்கொண்டே 2020-இல் ஜீனோம் இந்தியா என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. நாட்டின் பல பகுதிகளிலும் வாழும் 83 சமூகங்களைச் சார்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் டி.என்.ஏ. முழுமையாகப் படிக்கப்பெற்று, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இது பெயர்ப் பட்டியல். வேலைக் குறிப்பு இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

அச்சமூட்டும் செய்திகளையே கூறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். மரபணு காப்பதும் உண்டு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், மலைப்பகுதியான அந்தியோகியாவில் ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. அதில் பலருக்கு நாற்பத்து நான்கு வயதளவில் அல்ஸைமர் நோயின் அறிகுறி தோன்றிவிடும். பிரான்சிஸ்கோ லொபேரா என்னும் வைத்தியர், 1980-களிலிருந்து 2024-இல் தாம் மறையும்வரை, வீடு வீடாகச் சென்று இக்குடும்பத்தின் வழிமுறையை எழுதி வைத்து, ஏறத்தாழ 6,000 பேரை அந்த மரத்தின் கிளைகளில் சேர்த்தார். அங்கே ஓர் அம்மையார். நோயை உண்டாக்கும் அதே மாறுதல் அவருக்கும் இருந்தது. மூளையில் அமிலாய்டு என்னும் புரதப் படிவும் மிகுதியாக இருந்தது. ஆயினும் எழுபது வயதைத் தாண்டும்வரையில் அவருடைய நினைவு கலங்கவில்லை. ஏன் என்று தேடியபோது, அபோ-ஈ என்னும் வேறொரு மரபணுவில் மிக அரிய மாறுதல் ஒன்று, தாய்வழி, தந்தைவழி ஆகிய இரு படிகளிலும், அவரிடம் இருக்கக் கண்டார்கள். 2019-இல் இச்செய்தி வெளியாயிற்று. 1993 முதல் இதே அபோ-ஈ மரபணுவின் மற்றொரு வடிவம் நோயின் வாய்ப்பை மிகுதிப்படுத்துவது என்றே பெயர் பெற்றிருந்தது. ஒரே மரபணு, ஒரு வடிவில் பகை, மற்றொரு வடிவில் துணை. அந்த அம்மையாருக்கு இயற்கை செய்ததை மருந்தால் செய்ய இயலுமா என்று இன்று ஆராய்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சிகள் யாவற்றிலும் ஒன்றை நீங்கள் கவனித்திருக்கலாம். மதுரையிலும் சரி, கொலம்பியாவிலும் சரி, துப்பு முதலில் கிடைத்தது குடும்பங்களிடமிருந்து. யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்று கூறவல்லவர்கள் இருந்ததால்தான் ஆராய்ச்சி தொடங்கிற்று. இங்கே, ஊரைவிட்டு வெளியே வாழும் நமக்கு ஒரு குறை உண்டு. தாத்தா ஊரில் மறைந்தார், பெரியப்பா கொல்கத்தாவில், அத்தை மும்பையில். வைத்தியர், 'உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா?' என்று கேட்டால், 'தெரியவில்லை' என்கிறோம். ஊரில் கூடி வாழ்ந்த காலத்தில் திண்ணையிலே பேசித் தெரிந்துகொண்ட செய்தி, இன்று நான்கு நகரங்களில் சிதறிக் கிடக்கிறது. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். நினைவு தெளிவாக உள்ள முதியவர்களிடம் கேட்டு, மூன்று தலைமுறையின் நோய்களையும், அவை தோன்றிய வயதையும் எழுதிக்கொள்ளுங்கள். செலவில்லாத பரிசோதனை இது. இதற்கு இணையான பயனுள்ள பரிசோதனைகள் சிலவே.

செலவுள்ள பரிசோதனைகளைப் பற்றியும் ஒரு சொல். எச்சிலை ஒரு குப்பியில் அனுப்பினால், எதிர்காலத்தில் வரும் நோய்களைக் கூறுகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. அவை பெரும்பாலும் ஒப்பிடுதலால் கிடைத்த பட்டியலைக் கொண்டே பேசுகின்றன. அப்பட்டியல்களும் பெரும்பாலும் பிறநாட்டு மக்களைக் கொண்டு ஆக்கியவை. குடும்பத்தில் பலருக்கு இளவயதிலேயே நோய் வந்திருந்தால், மரபியல் ஆலோசனை கூறும் வைத்தியரை அணுகி, அவர் சொல்லும் பரிசோதனையைச் செய்துகொள்வது அறிவுடைமை. மற்றவர்கள் அஞ்சி அலைய வேண்டியதில்லை.

இப்போது என் நண்பரின் கேள்விக்கு விடை கூறுகிறேன். தாய்க்கும் பாட்டிக்கும் முதுமையில் நினைவுத் தேய்வு வந்திருந்தால், மகனுக்கு அதன் வாய்ப்பு மற்றவர்களைக் காட்டிலும் ஓரளவு மிகுதி என்பது உண்மை. அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் வாய்ப்பு என்பது விதி அன்று. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நினைவுத் தேய்வுக்குக் காரணமாகும் பதினான்கு அம்சங்களை ஆராய்ந்து, அவற்றைச் சீர்செய்தால் உலகில் இந்நோயின் நூற்றுக்கு 45 பங்கைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலக்கூடும் என்று மதிப்பிட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, கவனிக்காமல் விட்ட காது மந்தம், பார்வைக் குறை, தனிமை ஆகியவை அவற்றுட் சில. உயிரணுவின் வீட்டு நிர்வாகிகளைப் பற்றிக் கூறினேன். அவர்களுக்குத் துணைசெய்யும் மருந்து ஆராய்ச்சிச்சாலையிலிருந்து வரும்வரையில், அவர்களுக்குச் சுமையைக் குறைத்துத் தருவது நம் கையில் இருக்கிறது.

நண்பரின் மகளுக்கு இப்போது வயது பன்னிரண்டு. அவள் பாட்டியின் வயதை எட்ட இன்னும் அறுபத்தாறு ஆண்டுகள் உள்ளன. மரபணு ஏட்டின் முதல் வரைவு வெளியாகி இன்னும் முப்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அதற்குள் எவ்வளவு தெரிந்துகொண்டோம் என்று கண்டோம். அவளுக்காக அவர் இன்றே அஞ்ச வேண்டியதில்லை. பாட்டியின் கதைகளை அவள் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும். பாட்டியின் நோய் எந்த வயதில், எவ்வாறு தொடங்கிற்று என்பதை அவர் எழுதி வைக்கட்டும். முன்னது அவளுக்கு மகிழ்ச்சி தரும். பின்னது ஒருநாள் அவளுடைய வைத்தியருக்குப் பயன்படும்.